பாலையின் ஓரத்தில் திண்டுக்கல்

பாலைவனம் என்றதும் நமக்கு உம்ரா பயணமும், வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். திண்டுக்கல் பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். இங்கே சுமார் 800 மி.மீ. பெய்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளப் பக்கத்திலும் மலைகளிலும் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகவே நம் சமவெளிக்கு இறங்குகிறது. இதை மழைமறைவுப் பகுதி என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அந்த ஆண்டு பொய்த்ததுதான்.

ஆகவே பாலைவன உயிர்களின் உத்திகள் பலவற்றை வேடசந்தூர், அய்யலூர் பக்கமே பார்க்கலாம். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் பகலில் இலைத்துளைகளை மூடி, குளிர்ந்த இரவில்தான் திறக்கின்றன. வெள்வேல் மரம் இலைகளைப் பொடிப்பொடியாக வைத்து நீரிழப்பைக் குறைக்கிறது. அந்த முட்காடுகளில் பகல் முழுதும் உறங்கி இரவில் பூச்சி தேடும் தேவாங்குக்காக, 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே.

சீமைக் கருவேலம் வேறு கதை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். அது குடிப்பது ஆழ வேரால் எட்டும் நிலத்து நீரை.

ஒட்டகத்தைப் பார்க்கச் சொல்கிறது அல்குர்ஆன் (88:17). அதன் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. வெயிலில் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் வரை ஏறினாலும் வியர்க்காமல் தாங்கி, இரவில் அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்தும் உயிர் பிழைக்கும். நமக்கோ 2 சதவீதம் குறைந்தாலே தளர்ச்சி. 10 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அந்தத் தாங்கும் சக்தி நமக்கு இல்லாததால்தான் கிணறு வெட்டினோம், ஆழ்துளை போட்டோம். திண்டுக்கல்லின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீர்தான் நமக்குக் கிடைப்பது. அதிலும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இறங்கி, நகரைச் சுற்றிய கிணறுகள் பல உப்பாகிவிட்டன. அத்தொழிலால் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அதனாலேயே இதை நாம் மறைத்துப் பேசக் கூடாது. வறட்சியைத் தாங்கும் மரம்கூட அந்த உப்பில் திணறும். மழை பொய்த்த கிணறு அடுத்த மழையில் ஊறிவிடும். உப்பேறிய கிணறு அப்படித் திரும்புவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். நம் பள்ளிவாசல் குழாய்களில் ஒருவர் முகம் கழுவி முடிப்பதற்குள் அதைவிட அதிகம் ஓடிவிடுகிறது. உளூ நீரில் சோப்பு இல்லை. அதைச் சாக்கடையில் விடாமல் வளாகத்து வேம்புக்கும் தென்னைக்கும் திருப்ப, ஒரு குழாயும் சிறு குழியும் போதும்.