வேட்டைக்காரர் காட்டிய வழி



கெடா தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருள் காட்டுப்பன்றியும் உடும்பும் வேட்டையாடியோர் உண்டு. விலங்கு நடமாடும் இடம் சிலருக்கே தெரிந்திருந்தது. அச்செய்தி வாய்மொழியாக மெல்லவே பரவியது.

தியோடோர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர், மலாயாவில் யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவத்தை 1905இல் நூலாக்கினார். விலங்குகள் அருகிவருவதைக் கண்டபின் அவரே அவற்றின் காவலரானார். மலாயா வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமையேற்று 1932இல் அறிக்கை அளித்தார். இன்றைய தாமான் நெகாரா உருவானதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

நம் உலு மூடா காட்டில் உப்பூற்றுகள் உள்ளன. உப்பை நாடி யானையும் மானும் மீண்டும் மீண்டும் அங்கே வரும். ஆகவே, உப்பூற்று இருக்குமிடத்தைக் கண்ணி வைப்போன் அறிந்தால் போதும். விலங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. முன்பு ஒரு தலைமுறைக்குள் பரவிய செய்தி, இன்று முகநூலிலும் புலனத்திலும் ஒரே நாளில் பரவிவிடுகிறது. மலாயாப் புலிகளோ 150க்கும் குறைவு என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்வோம். கண்ட விலங்கைப் பற்றிக் கட்டுரை எழுதட்டும், படத்தையும் காட்டட்டும். கண்ட இடத்தை மட்டும் ஊரறியச் சொல்லாதிருக்கக் கற்பிப்போம். அடக்கமும் ஓர் அறமே.