கோர்கன் முகமும் சிறகுக் குதிரையும்

உல்லாஸ்நகரில் உட்கார்ந்து கிரேக்கக் காசு பேசினால் சிரிக்கிறார்கள். ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்பது இங்கே போலிச் சரக்கைப் பற்றிய பழைய கிண்டல். 1949-இல் இந்தப் பெயர் பெற்ற அகதிகள் ஊர்தான். ஆனால் பக்கத்துக் கல்யாண் பழசு. ‘பெரிப்ளூஸ்’ என்ற முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்நூல் அதைக் கல்லியேனா என்கிறது. அங்கே ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்களைக் காவல் போட்டுப் பரூச்சுக்கு அனுப்பினார்களாம். பரூச்சிலோ இந்தோ-கிரேக்க அரசன் மெனாண்டர் பெயர் பொறித்த பழைய வெள்ளிக் காசுகள் அப்போதும் புழங்கின.

எனக்கு வெள்ளியைவிட வெண்கலம்தான் பிடிக்கும். சந்தைச் சில்லறை அல்லவா! கி.மு. 200 வாக்கில் பாக்திரியாவை ஆண்ட முதலாம் தெமெத்ரியஸின் வெண்கலக் காசில் வட்டக் கேடயம், அதன் நடுவே கோர்கன் முகம். பின்புறம் திரிசூலம். பார்த்தவரைக் கல்லாக்கும் முகம் அது. கட்டுகிற வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் வேலைதான் அதற்கும். கொரிந்து நகரச் சில்லறையில் சிறகு முளைத்த பெகாசஸ் குதிரை, பின்னால் அங்கேயும் திரிசூலம். வெட்டுண்ட கோர்கன் மெதூசாவின் கழுத்திலிருந்து பிறந்த குதிரை என்பது கதை. திரிசூலக்காரக் கடல்தெய்வம் பொசைடன்தான் தகப்பன். மொத்தக் குடும்பமும் சில்லறையில்!

அசல் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். வார்த்த போலியின் விளிம்பில் பெரும்பாலும் மெல்லிய இணைப்புக் கோடு ஓடும். அதை முதலில் பாருங்கள். அசல் கிடைத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள்: நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்.