தேக்காவுக்குப் போக ஒரு அனுமதிச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நடக்கவே இடம் இருக்காது. ஊருக்குப் பணம் அனுப்ப, மளிகை வாங்க, ஊர்க்காரனிடம் நாலு வார்த்தை பேச எனத் தீவின் எல்லா மூலையிலிருந்தும் நம்ம ஆளுங்க வருவார்கள். 2020 ஏப்ரலில் அந்தக் கூட்டம் நின்றுபோனது.

ஏப்ரல் 5 அன்று இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. உள்ளே சுமார் 20,000 வெளிநாட்டு ஊழியர்கள். சில வாரங்களில் எல்லா விடுதிகளும் அடைபட்டன. ஓர் அறையில் பத்துப் பேருக்கு மேல் படுக்கும் இடத்தில் தள்ளி இருப்பது எப்படி? அந்த ஆண்டு டிசம்பருக்குள் 152,794 பேருக்குத் தொற்று, அதாவது விடுதிவாசிகளில் 47 விழுக்காடு.

இது புதுக்கதையும் இல்லை. 1873இல் காலரா பரவியது. அடுத்த ஆண்டே செயிண்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த கூலிகளும் அங்கே இறக்கப்பட்டார்கள். கேபினில் வந்தவர்களைவிட டெக்கில் வந்தவர்கள் மேல்தான் கெடுபிடி அதிகம்.

தனிமைப்படுத்துவதே உரிமை மீறல் என்று சட்டம் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள் 2007இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றை மனித மாண்புக்கும் உரிமைகளுக்கும் முழு மதிப்பளித்துச் செயல்படுத்த வேண்டும் என்கிறது மூன்றாம் பிரிவு. 1984இல் சிசிலியில் கூடிய சட்ட அறிஞர்கள் வகுத்த சிரகூசா கோட்பாடுகள் இன்னும் தெளிவானவை: கட்டுப்பாடு அவசியமானதா, அதைவிட லேசான வழி உண்டா, பாகுபாடு இல்லையா, முடிவு தேதி உண்டா? இவை அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அளந்து பார்க்க நல்ல கோல்.

சிங்கப்பூர் அரசு ஊழியர்களுக்குச் சாப்பாடும் சிகிச்சையும் கொடுத்தது. அவர்களிடையே உயிரிழப்பு மிகக் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை. இடறுவது கடைசி இரண்டு கேள்விகளில்தான். மற்றவர்களுக்கு சர்க்கியூட் பிரேக்கர் 2020 ஜூன் 1இல் முடிந்தது. விடுதி ஊழியர்களுக்கோ 2021 செப்டம்பரில்தான், அதுவும் தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேருக்கு மட்டும், சோதனை முயற்சியாக வெளியே போகும் வாய்ப்பு வந்தது. வெளியே போகத் தினசரி அனுமதி வாங்கும் முறை 2022 ஜூன் 24இல் நின்றது. அதன் பிறகும் ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் தேக்கா உட்பட நான்கு இடங்களுக்குப் போகத் தனிச் சீட்டு வேண்டியிருந்தது.

ஒரே தீவு, ஒரே கிருமி. பூட்டு திறந்த தேதி மட்டும் வேலை அனுமதிச் சீட்டைப் பொறுத்து மாறியது. இப்போது புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு அதிகபட்சம் 12 பேர் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. அடுத்த தொற்று வரும்போது, கதவைப் பூட்டும் ஆணையிலேயே திறக்கும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று முதல் நாளே நாம் கேட்கணும்.