யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்

மகன் வீட்டோடு ஒரகடம் பக்கம் வந்து சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் ஒன்பது பையன்கள் தங்கியிருக்கிறார்கள். ஷிப்ட் மாறி மாறிப் போவதால் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் நான் பார்த்ததில்லை. அவர்களில் இருவர் வங்காளத்துப் பையன்கள். ஒருவன் ஈஸ்ட் பெங்கால், மற்றவன் மோகன் பகான். ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அதுவே பெரிய விஷயம். மூன்றாவது ஒருவன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. படித்தவன், சென்னையின் எஃப்.சி. பக்தன். சாயங்காலம் நான் நடைக்குப் போய்த் திரும்பும்போது இந்த மூவரும் வாசல் படியில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். "அவன் வரான்", "இவன் போறான்", "அவன் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு". 2025 ஜூன் முழுக்க இதுதான்.

எனக்கு இதைக் கேட்டதும் பழைய அலுவலகம்தான் நினைவுக்கு வந்தது. புதுவை அரசில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மே மாதம் வந்தால் மாறுதல் பட்டியல் பற்றிய பேச்சு. யாரை மாஹேக்குத் தூக்குகிறார்கள், யாரை யானாமுக்கு, காரைக்காலிலிருந்து யார் திரும்புகிறார்கள்? பட்டியல் தட்டச்சு ஆவதற்கு முன்பே டீக்கடையில் முழுப் பட்டியலும் தயாராகிவிடும். பாதிப் பெயர் தப்பாக இருக்கும். ஆனாலும் அடுத்த வருஷம் அதே டீக்கடை, அதே பேச்சு. மனிதர்களுக்கு விளையாட்டைவிட விளையாட்டுக்கு முன்னால் வரும் இந்த இடைக்காலம்தான் பிடிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆட்டம் தொடங்கிவிட்டால் தோற்க வேண்டியிருக்குமே!

இந்த வம்புப் பேச்சுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியாவில் அதன் தலைநகரம் கல்கத்தா.

ஈஸ்ட் பெங்கால் பையனிடம் ஒருநாள், "உங்க கிளப்போட பொற்காலத்தை ஆடிக் கொடுத்தது யாரு தெரியுமா? எங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்கதான்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு, "தெரியும் தாது, பஞ்ச பாண்டவர்" என்றான். எனக்கு ஆச்சரியம். (தாது என்றால் வங்காளியில் தாத்தா.) வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள், ஐந்து பேரும் தெற்கத்தியர்கள். கன்னட நாடு, ஆந்திரம், கேரளம் என்று பல இடத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போனவர்கள். 1949லிருந்து 1953 வரை ஒன்றாக ஆடினார்கள். 1949ஆம் வருஷம் மட்டும் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை, மூன்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஐவரையும் சேர்த்தவர் ஜோதிஷ் சந்திர குஹா என்ற கிளப் செயலாளர். தேசப் பிரிவினையில் ஊரை இழந்து கல்கத்தாவின் ஓரங்களில் குடிசை போட்டுக் கிடந்த கிழக்கு வங்காளத்து ஜனங்களுக்கு, தெற்கிலிருந்து வந்த இந்த ஐந்து பேர் சொந்தப் பிள்ளைகளாக ஆனார்கள் என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊரைவிட்டு வந்தவன்.

இவர்களில் அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1948 ஜூலை 31 அன்று இந்தியா ஆடியது யாரோடு? பிரான்சோடு! நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் என்பவர் கோல் போட்டு சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டையும் கோட்டைவிட்டோம். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. எங்கள் வகுப்பில் இதை முசியே சொன்னபோது கைதட்டுவதா, வருத்தப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. 1962 ஆகஸ்டுக்குப் பிறகு சட்டப்படி நாங்கள் இந்தியாவில் இருந்தோம், பாடப் புத்தகத்தில் பிரான்சில் இருந்தோம்.

கல்கத்தாவுக்குத் திரும்புகிறேன். அங்கே ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவத்துக்குத் தனிப் பெயரே உண்டு. 'தொல்பதல்', அதாவது அணி மாறுதல். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டக்காரர் கிளப் மாற வேண்டுமென்றால் சூட்டர்கின் தெருவில் இருக்கும் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த ஒரு விதி போதும், மற்றதெல்லாம் தானாக நடந்தது. கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும் எதிர் கிளப்காரன் கண்ணில் படாமல் ஆட்டக்காரரை எங்கேயாவது ஒளித்து வைப்பார்கள். ஊருக்கு வெளியே ஒரு வீடு, இல்லாவிட்டால் ஒரு ஓட்டல் அறை, வாசலில் காவல். 'கடத்தல்' என்றே பத்திரிகைகள் எழுதின. அலுவலக வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும். காரிலிருந்து யார் இறங்குகிறார் என்று பார்க்கத்தான்! கிரிஷானு தே, பிகாஷ் பாஞ்சி என்ற ஜோடி 1985இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் இவர்கள் திரும்புவார்களா மாட்டார்களா என்பதே ஊரின் பேச்சு. 1992இல் கிரிஷானு திரும்பினார். மோகன் பகான் பையன் இதைத் தன் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறான். அவன் அப்போது பிறக்கவே இல்லை. சொல்லும்போது நேரில் பார்த்தவன் மாதிரி கையை ஆட்டுகிறான்.

இந்த வதந்திகளில் பெரும்பாலும் பணம்தான் விஷயம். எப்போதும் அல்ல. 1958இல் நடந்த ஒன்றைப் பள்ளியில் எங்கள் முசியே ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். அந்த ஜூனில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. பிரான்ஸ் அணியில் யார் யார் இருப்பார்கள் என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தன. பட்டியலில் செந்தெத்தியேன் கிளப்பின் ரஷீத் மெக்லூஃபி இருந்தார், மொனாக்கோவின் முஸ்தஃபா ஜித்தூனி இருந்தார். இருவரும் அல்ஜீரியர்கள். அல்ஜீரியாவில் அப்போது விடுதலைப் போர். ஏப்ரல் மாதம், ஆட்டக்காரர்கள் சிலர் ஒருவருக்கும் சொல்லாமல் பிரான்சைவிட்டுக் கிளம்பி துனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே விடுதலை முன்னணிக்காக ஒரு அணி அமைத்து ஊர் ஊராக ஆடினார்கள். எந்தப் பத்திரிகையும் ஊகிக்காத மாறுதல் அது. உலகக் கோப்பையில் பிரான்ஸ் மூன்றாவது இடம் பிடித்தது. ஜூஸ்த் ஃபோந்தேன் 13 கோல் அடித்தார், இன்றுவரை ஒரே உலகக் கோப்பையில் யாரும் அதைத் தாண்டவில்லை. ஆனால் முசியே ஃபோந்தேனைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மெக்லூஃபிக்கு அப்போது 21 வயது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். உலகக் கோப்பையை விட்டுவிட்டுப் போக 21 வயதில் எத்தனை பேருக்கு மனசு வரும்?

அடுத்து 2014. ஐ.எஸ்.எல். என்று எட்டு அணிகளோடு புதுப் போட்டி. பெங்களூருக்கென்று வைத்திருந்த இடம் கடைசி நேரத்தில் சென்னைக்கு வந்தது. அப்போது நான் புதுச்சேரியில்தான் இருந்தேன், ஓய்வு பெற்று மூன்று வருஷம். எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. பேரப் பிள்ளைகள் பாரீஸில் இருப்பார்கள். அந்த வருஷம் வந்த பெயர்களைப் பார்த்து அவர்களுக்கு நிலைகொள்ளவில்லை. கோவாவுக்கு ரொபேர் பிரேஸ், மும்பைக்கு அனெல்கா, புனேக்கு திரெஸ்கே. சென்னைக்கு மிக்கேல் சில்வெஸ்த்ரும் பெர்னார் மெந்தியும். இதெல்லாம் சரி. சென்னையின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தவர் யார்? மார்கோ மாத்தராஸி! 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், முன்னாள் சொல்தா, "அந்த ஆளு இருக்கிற வரைக்கும் நான் மெட்ராஸ் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று சபதம் செய்தார். அடுத்த வருஷம், 2015 டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல், சென்னை 3-2 என்று ஜெயித்தது. அந்த மாதம் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் சொந்த ஊர் அரையிறுதியை புனேயில் ஆடிவிட்டு வந்த அணி அது. சபதம் போட்டவர் மறுநாள் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். மாத்தராஸியைப் பற்றிக் கேட்டதற்கு, "மெந்தி ஆடினானே, அதுக்காக" என்றார்.

பட்டியல் நன்றாக இருந்தால் அணி ஜெயிக்கும் என்று நினைப்பவர்களுக்கு சென்னையின் கதை நல்ல பாடம். 2018 மார்ச்சில் பெங்களூரை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பை. ஏறக்குறைய அதே ஆட்களோடு அடுத்த பருவத்தில் இறங்கி, 18 ஆட்டத்தில் இரண்டே இரண்டு வெற்றி, பத்து அணிகளில் பத்தாவது இடம். அதற்கடுத்த வருஷம் வால்ஸ்கிஸ் என்ற லித்துவேனியக்காரர் வந்து 15 கோல் அடித்து இறுதிவரை கொண்டுபோனார். உடனே அவரும் பயிற்சியாளர் ஓவன் கோய்லும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். இதை இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பையன் துரோகம் என்கிறான். "ஏன்பா, நல்ல சம்பளம் குடுத்தா நீ போகமாட்டியா?" என்று கேட்டேன். "போவேன் தாத்தா, ஆனா சொல்லிட்டுப் போவேன்" என்றான்.

அவனுக்கு இன்னொரு வருத்தம். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், அந்த ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்து ஜெயிக்க வைத்தார். "நம்ம பையன் அங்க போய் ஹீரோ ஆயிட்டான்" என்று இவன் புலம்ப, ஈஸ்ட் பெங்கால் பையன், "எங்க பையன்" என்று திருத்த, மோகன் பகான் பையன் எழுந்து உள்ளே போய்விட்டான். 1949 கதையேதான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஜாம்ஷெட்பூர் என்றதும் ஒன்று. இந்தப் பகுதியில் கார், கண்ணாடி, டயர், கைபேசி என்று இல்லாத ஆலை இல்லை. உலகத்தில் பல பெரிய அணிகள் ஆலை வாசலில் பிறந்தவை. பிரான்சில் பெஜோ கார் ஆலைக்காரர்கள் 1928இல் சோஷோ என்ற ஊரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். காசைக் கொட்டி நல்ல ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். பிரான்சில் தொழில்முறை ஆட்டம் 1932இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1935, 1938 இரண்டிலும் சாம்பியன். முதலாளிக்கு ஆர்வம் இருந்தவரை நடந்தது. 2015இல் கிளப்பை ஒரு சீனக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2023இல் திவால் நிலைமைக்கு வந்து, ஊர்க்காரர்களும் ரசிகர்களும் காசு போட்டுக் காப்பாற்றினார்கள். நம் ஊரில் பஞ்சாப் ஜே.சி.டி. மில் அணி முதல் தேசிய லீக்கை வென்றது, 2011இல் மூடிவிட்டார்கள். மும்பையின் மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தின வருஷம். டாட்டாக்கள் மட்டும் விடாமல் நடத்துகிறார்கள். ஒரகடம் சாலையில் எனக்குத் தெரிந்து பையன்கள் ஆடுவது காலி மனைகளில்தான், அடுத்த ஆலைக்கு வேலி போடும் வரை.

ஜூன் முழுக்கச் சண்டை போட்டார்கள் என்றேனே. ஜூலை 11 அன்று சேதி வந்தது, 2025-26 ஐ.எஸ்.எல். நிறுத்திவைப்பு. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் போட்டி நடத்தும் கம்பெனிக்கும் 2010இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் அப்போது முடிவு ஏற்படவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூர் கிளப் சம்பளத்தை நிறுத்தியது. பின்னாலேயே சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. யார் வருகிறார், யார் போகிறார் என்று பேச அப்போது ஒன்றுமில்லை. பருவமே நின்றுபோயிருந்ததே! நட்சத்திரங்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். மாற்று கோல்கீப்பர், மசாஜ் செய்கிறவர், பஸ் டிரைவர், சட்டை துவைக்கிறவர், இவர்கள் பெயர் எந்த வதந்தியிலும் வராது.

ஆச்சரியம் என்னவென்றால் படியில் பேச்சு நிற்கவில்லை. முன்பைவிட அதிகமானது. நிறுத்திவைத்த பருவத்துக்குப் பட்டியல் போட்டார்கள்!

போன வாரம் தஞ்சாவூர்ப் பையன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். கைபேசியில் ஏதோ பட்டியல். "யாருப்பா போறது?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். கால்பந்து இல்லை. அவன் வேலை பார்க்கிற இடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்தவர்களில் யாரை அடுத்த 11 மாசத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியல். யார் போட்டது என்று தெரியாது. அதில் அவன் பெயர் இருந்தது, வங்காளத்துப் பையன்கள் இருவர் பெயரும் இல்லை. "நிஜமா இருக்குமா தாத்தா?" என்றான்.

39 வருஷம் அலுவலகத்தில் இருந்தவன் நான். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத பட்டியலை நம்பாதே என்றேன். தலையாட்டினான். பிறகு அந்தப் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே நகர்த்திப் பார்த்தான். உள்ளே வங்காளத்துப் பையன்கள் மீன் பொரிக்கிற வாசனை வந்தது. "அவங்ககிட்ட இன்னும் சொல்லல" என்றான்.