பழைய மின்னஞ்சல்களை இழக்காமல் காப்பது எப்படி?

1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்த உறவினருக்கு அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தால், ஒருவர் கடைசியாக எப்போது எழுதினார் என்பதற்கு அதுவே சான்றாகலாம். ஆனால் 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது.

எனவே முதலில் பழைய கணக்கைத் திறவுங்கள். கூகுள் டேக்அவுட் ஊடாக எல்லா மடல்களையும் எம்பாக்ஸ் என்ற கோப்பாகத் தரவிறக்கலாம். கோப்பு பெரிதாக இருக்கலாம். தோட்டத்தில் சிக்னல் போதாவிட்டால் நகரில் செய்யுங்கள். அதன்பின் தேடுவதற்கு இணையம் வேண்டாம்.

லினக்ஸ், மேக் கணினிகளில் கிரெப் என்ற கட்டளை ஏற்கெனவே உள்ளது. உறவினரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது உள்ள வரிகளைக் காட்டும். திகதியும் தெரிய, முன்பின் வரிகளையும் கேட்கலாம். தமிழ்ச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. தமிழ் மடல்கள் குறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அவற்றை வாசிக்க மட் என்ற இலவச மென்பொருளை நிறுவலாம்.

முகவரிகள் பலவென்றால் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதுங்கள். அதுவே ஷெல் ஸ்கிரிப்ட். ஒருமுறை இயக்கினால் எல்லாவற்றையும் தேடி, விடைகளை வேறொரு கோப்பில் சேர்த்துவிடும்.

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்; பிரதியிலேயே தேடுங்கள். லினக்ஸின் ஷா256சம் கட்டளை கோப்புக்கு 64 எழுத்துகள் கொண்ட அடையாளக் குறியைத் தரும். அதைத் திகதியுடன் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் அதே குறி வந்தால், கோப்பு மாற்றப்படவில்லை எனக் காட்டலாம். இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.