வெள்ளைச் சேலையில் வென்ற கலையரசி

கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கே.பி. சுந்தராம்பாள், வறுமையின் காரணமாகச் சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். உடன் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவையே மணந்துகொண்டார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25தான். வெள்ளைச் சேலை உடுத்திய அவர், இனி எந்த ஆடவருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

ஜோடி சேர மறுத்த நடிகைக்கு வாய்ப்பு ஏது? ஆனால் 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக ஆண் வேடத்திலேயே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! 1953இல் ‘ஔவையார்’ படத்தில் தமிழ் மூதாட்டியாகவே வாழ்ந்து காட்டினார். 1970இல் பத்மஸ்ரீ விருது தேடி வந்தது.

கணவனை இழந்தவள் மூலையில் முடங்க வேண்டும் என்றிருந்த காலம் அது. 1980இல் மறையும் வரை அவர் தம் உறுதியையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை.