மணி அடித்தால் யார் வரவேண்டும்? அமெரிக்க நகரங்களில் தனியார் திருட்டு அலாரமும் காவல்துறையின் கடமையும் (1853–2024)

முன்னுரை

2024 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காவல்துறை ஒரு நீண்டகால வழக்கத்தைக் கைவிட்டது. வீட்டிலோ கடையிலோ பொருத்திய அலாரம் ஒலித்தது என்று தனியார் கண்காணிப்பு நிறுவனம் சொல்வதை மட்டும் வைத்து இனிப் போலீஸ் புறப்படாது. குற்றம் நடக்கிறது என்பதற்கு ஒலி, காட்சி, நேரில் பார்த்தவர் சொல் போன்ற ஏதேனும் ஒரு சான்று வேண்டும் என்று இடைக்காலக் காவல்தலைவர் சூ ரார் அறிவித்தார். 2023இல் கண்காணிப்பு நிறுவனங்களிடமிருந்து அந்நகரத்தின் அவசர அழைப்பு மையத்துக்கு வந்த அலாரத் தகவல்கள் 13,000. அவற்றில் குற்றம் உறுதியாகி, கைதோ புகார்ப் பதிவோ நடந்தவை 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

இத்தகைய அறிவிப்பு வரும் ஊர்களிலெல்லாம் மக்கள் முதலில் கேட்பது, "வரி கட்டுகிறோம், போலீஸ் வராதா?" என்பதுதான். காவல்துறை தன் பழைய கடமையொன்றைத் தட்டிக் கழிக்கிறது என்ற எண்ணம் அக்கேள்விக்குள் இருக்கிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் நிலைமை வேறு. அலாரம் ஒலித்ததும் ஓடிவரும் பொறுப்பு தொடக்கத்தில் அலாரம் விற்றவர்களுடையது. எந்த நகரமும் முறையாக விவாதித்து முடிவெடுக்காமலே, இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அது பொதுப்பணத்தின் தலையில் ஏறியது. அந்தக் கைமாற்றம் எப்படி நடந்தது, அதைத் திருத்த நகரங்கள் எவ்வாறு முயன்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போப்பின் கதவும் ஹோம்ஸின் கம்பியும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853 ஜூன் 21 அன்று மின்காந்தத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அமைப்பு எளிமையானது. கதவுகளும் சன்னல்களும் மின்கலத்தோடு கம்பியால் இணைந்திருக்கும். ஒரு கதவு திறந்ததும் மின்சுற்று பூர்த்தியாகும். மின்காந்தம் சிறு சுத்தியலை அதிரச் செய்யும். சுத்தியல் மணியில் மாறி மாறி அடிக்கும். திருடன் பதறிக் கதவைச் சாத்தினாலும் மணி நிற்காதபடி ஒரு வில் சுற்றைப் பிடித்துவைத்திருக்கும். இந்த மணி எழுப்பியது வீட்டுக்காரரை மட்டுமே. அதன் ஓசை காவல்நிலையம்வரை போகவில்லை. போகவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

போப்பின் உரிமையை 1857இல் எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கினார். பாஸ்டனில் தொடங்கிய தொழிலை 1859இல் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே நகைக்கடைகளும் வங்கிகளும் செல்வர் வீடுகளும் அவருக்கு வாடிக்கையாயின. வீட்டுக்குள் ஒலித்த மணியைக் கம்பிவழி ஒரு மைய நிலையத்துக்குக் கொண்டுபோனதே ஹோம்ஸ் செய்த பெரிய மாற்றம். இரவு முழுதும் ஆள் விழித்திருந்த அந்த அறையில், எந்தக் கட்டடத்தில் கதவு திறந்தது என்பது உடனே தெரிந்துவிடும். இந்தக் கம்பிகள் வேறொரு வரலாற்றுக்கும் உதவின. 1877 மே மாதம் பாஸ்டனில் ஹோம்ஸின் மகன், வங்கிகளுக்குப் போட்டிருந்த அலாரக் கம்பிகளையே கொண்டு தொலைபேசி இணைப்பகம் ஒன்றை இயக்கிக் காட்டினார்.

இதே காலத்தில், பங்குவிலைத் தந்திப்பொறியைக் கண்டறிந்த எட்வர்ட் கலஹான், நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வீட்டில் இருக்கும் அழைப்புப் பெட்டியிலிருந்து வட்டார நிலையத்துக்குச் சைகை அனுப்பும் முறையை வகுத்தார். பெட்டியின் பிடியைத் திருப்பினால் நிலையத்திலிருந்து ஏவலாள் பையன் ஓடிவருவான். இம்முறையிலிருந்து வளர்ந்ததே 1874இல் உருவாகி இன்று ஏடிடி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப் நிறுவனம்.

மணிக்குப் பின்னால் நின்ற ஆட்கள்

அக்காலத்து வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியது வெறும் ஓசையை அல்ல. மணி அடித்தால் நிறுவனத்தின் ஆள் வருவார் என்ற உறுதியும் அந்த விலைக்குள் அடக்கம். இதற்கு வலுவான சான்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றிலேயே இருக்கிறது. 1966இல் முடிவான கிரின்னல் நிறுவன வழக்கு ஏகபோகம் பற்றியது. ஏடிடி, ஹோம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த கிரின்னல், காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட மைய நிலையச் சேவையில் 87 விழுக்காட்டைப் பிடித்திருந்தது. சட்ட மாணவர்கள் அவ்வழக்கைப் படிப்பது ஏகபோகத்தின் இலக்கணத்துக்காக. நம் ஆய்வுக்கு வேண்டியது, அச்சேவை என்ன என்று நீதிமன்றம் தந்த விளக்கம்: சைகை வந்ததும் மைய நிலையம் தன் காவலர்களை அந்த இடத்துக்கு அனுப்பும், காவல்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவலும் சொல்லும்.

1966 வரைகூடத் தரமான அலாரச் சேவை என்றால் அதில் நிறுவனத்தின் காவலர் இருந்தார் என்பது இதனால் தெளிவாகிறது. பொய்யாக மணி அடித்தால் நடையும் வண்டிச்செலவும் அந்த நிறுவனத்துக்கே நட்டம். எனவே கருவியை ஒழுங்காகப் பொருத்துவதிலும் வாடிக்கையாளருக்குப் பழக்கிக் கொடுப்பதிலும் நிறுவனம் தானாகவே அக்கறை காட்டவேண்டியிருந்தது.

சுமை கைமாறிய காலம்

இந்த ஏற்பாடு மூன்று மாற்றங்களால் குலைந்தது. முதலாவது, தானாக எண் சுழற்றும் கருவி. கதவு திறந்ததும் காவல்நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடும் கருவிகள் புழக்கத்துக்கு வந்தன. நடுவில் மனிதர் எவரும் இல்லை. பழுதான கருவி காவல்நிலையத்தின் தொலைபேசியை இடைவிடாமல் அழைத்துக்கொண்டிருக்கும். பல நகரங்கள் இதைத் தடைசெய்யவேண்டி வந்தது.

இரண்டாவது, தொலைதூரக் கண்காணிப்பு. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் எண்முறைச் சைகை அனுப்பும் வசதி வந்த பிறகு, கண்காணிப்பு மையம் வாடிக்கையாளரின் ஊரில் இருக்கவேண்டிய தேவை போயிற்று. ஆயிரம் மைல் தள்ளி வேறு மாநிலத்தில் இருக்கும் மையம் எந்தக் காவலரை அனுப்பும்? அது செய்யக்கூடியது அந்த ஊர்க் காவல்துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. சேவையிலிருந்து காவலர் மறைந்தார்; அவர் இடத்தில் ரோந்து வண்டி வந்து நின்றது.

மூன்றாவது, மலிவு. உடற்சூட்டை உணரும் அகச்சிவப்புச் சென்சார்கள் விலை குறைந்தன. கருவியைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பொருத்திவிட்டு மாதச் சந்தாவில் ஆதாயம் பார்க்கும் வணிகமுறை 1990களில் நடுத்தரக் குடும்பங்களைத் தேடிவந்தது. செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த அலாரம், "இங்கே அலாரம் உண்டு" என்ற வாசற்பலகையோடு புறநகர் வீடுகளுக்கும் வந்தது. "போலீஸ் வரும்" என்ற நம்பிக்கைதான் அந்தச் சந்தாவின் உயிர். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் செலவு மட்டும் நிறுவனத்தின் கணக்கில் இல்லை.

இருபது நிமிடக் கணக்கு

ஒரு பொய் அலாரத்தை அருகில் நின்று பார்ப்போம். பிறந்தநாள் முடிந்த வீடு. குடும்பம் வெளியூர் போயிருக்கிறது. கூடத்தில் விட்டுப்போன பலூன், வெப்பக்காற்று வரும் துளைக்கு மேலே மிதந்து அசைகிறது. சுவரில் உள்ள சென்சார் சூட்டின் நகர்வை மட்டுமே அறியும். அது பலூனா ஆளா என்று அறியாது. சைகை போகிறது. கண்காணிப்பு மையம் வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறது, எடுக்க ஆளில்லை. காவல்துறைக்குத் தகவல் போகிறது. இரண்டு காவலர்கள் விளக்கோடு வீட்டைச் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு சன்னலையும் தொட்டுப் பார்க்கிறார்கள். பின்கதவின் பூட்டை அசைத்துப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை. கதவில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு வருகைக்கு ஏறத்தாழ 20 நிமிடம், அதுவும் பெரும்பாலும் இரண்டு காவலரின் நேரம் செலவாகிறது என்று ரானா சாம்ப்சன் அமெரிக்க நீதித்துறைக்காக எழுதிய வழிகாட்டி நூல் கணக்கிடுகிறது. அமெரிக்கக் காவல்துறைகளுக்கு வரும் அலாரத் தகவல்களில் 94 முதல் 98 விழுக்காடு பொய் என்றும் அது பதிவுசெய்கிறது. 2002இல் மட்டும் நாடெங்கும் காவலர்கள் ஏறத்தாழ 3.6 கோடி அலாரங்களுக்குச் சென்றனர். செலவு 180 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

பணத்தைவிடக் கவலைக்குரிய இழப்பு ஒன்று உண்டு. நூறு வீட்டில் ஒன்றும் இல்லாமல் திரும்பிய காவலர் நூற்றோராவது வீட்டுக்கு அசட்டையாகவே போவார். உண்மையில் உள்ளே ஆள் இருந்தால் அந்த அசட்டை அவர் உயிருக்கே ஆபத்து.

அபராதத்திலிருந்து சரிபார்ப்புக்கு

நகரங்கள் முதலில் கையிலெடுத்தது அபராதம். அலாரம் வைக்க உரிமம்; ஆண்டில் சில பொய் அலாரங்களுக்கு மன்னிப்பு; அதற்குமேல் ஏறிக்கொண்டே போகும் தண்டம். இதனால் ஒவ்வொரு வீட்டிலும் பொய் அலாரம் ஓரளவு குறைந்தது. ஆனால் அலாரம் வைத்த வீடுகள் பெருகிக்கொண்டே போனதால் மொத்தச் சுமை இறங்கவில்லை. ரசீது அனுப்புவதும் வசூலிப்பதும் காவல்துறைக்குத் தனி வேலையாயின.

1990களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸ் வேறு வழியில் போனது. சரிபார்க்காத அலாரத்துக்குப் போலீஸ் இல்லை என்றது. இந்த முறை நாடெங்கும் பேசப்பட்டது சால்ட் லேக் சிட்டியால்தான். அந்நகரம் 2000 டிசம்பர் 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதன்படி, திருட்டு அலாரம் ஒலித்தால் முதலில் தனியார் பாதுகாவலர் போய்ப் பார்ப்பார். உடைப்போ ஆளோ கண்ணில் பட்டால் உடனே காவல்துறை வரும். கொள்ளை, மிரட்டல், ஆபத்து ஆகியவற்றுக்காக மனிதர் தம் கையால் அழுத்தும் பொத்தானுக்குப் பழையபடி உடனடி வருகை உண்டு. காவலர்கள் அலாரங்களுக்காகச் செல்வது ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. பழைய மைய நிலையச் சேவையில் இல்லாத எந்தப் புதுமையும் இதில் இல்லை எனலாம். ஹோம்ஸ் காலத்து ஆள் மீண்டும் மணிக்குப் பின்னால் வந்து நின்றார், அவ்வளவே.

பின்பற்றிய நகரங்கள் எல்லாம் நிலைத்து நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 2003இல் காவல் ஆணையம் இம்முறையை ஏற்றபோது வணிகர்களும் குடியிருப்போரும் எதிர்த்தனர். சில பொய் அலாரங்களுக்குப் பிறகே சரிபார்ப்பு வேண்டும் என்று அங்கே சமரசம் பிறந்தது. டாலஸ் 2006இல் வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது. மில்வாக்கி, டெட்ராய்ட், சான் ஹோசே ஆகியவை ஏற்றன. கனடாவின் டொராண்டோ 2018 செப்டம்பரில் சேர்ந்தது.

அலாரத் தொழில்துறை இதற்கு மாற்றாக முன்வைத்தது இரட்டை அழைப்பு: காவல்துறையை அழைக்கும் முன் வீட்டுக்காரரை இரு வேறு எண்களில் அழைப்பது. பொய் அலாரங்களைக் கணிசமாகக் குறைக்கும் இந்த நல்ல பழக்கம் சில மாநிலங்களில் சட்டமும் ஆயிற்று. ஜார்ஜியாவின் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் ஒரு படி மேலே போய், பொய் அலாரத்துக்கான தண்டத்தை வாடிக்கையாளரிடமல்லாமல் நிறுவனங்களிடமே வசூலித்தது. தொழில்துறை வழக்குத் தொடுத்தது. கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் நகரத்தின் பக்கமே நின்றது. சந்தா வாங்குபவரே சுமையையும் ஏற்கலாம் என்ற கொள்கைக்குச் சட்டத்தின் தடை இல்லை என்பது இதனால் உறுதியானது.

பிரிட்டன் சென்ற வழி

பிரிட்டனில் காவல்தலைவர்களின் சங்கம் நாடு முழுமைக்கும் பொதுவான கொள்கை வகுத்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் பொருத்திய அலாரத்துக்கே காவல்துறை தனிப் பதிவு எண் தரும். புதிய அலாரங்களில் ஒரே சென்சாரின் சைகை போதாது; இரண்டாவது சென்சாரோ ஒலியோ காட்சியோ அதை உறுதிசெய்யவேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று பொய் அழைப்பு வந்தால் காவல்துறையின் வருகை நிறுத்தப்படும். இங்கே காவல்துறை முற்றாக விலகவில்லை. தன் வருகைக்குத் தகுதி விதித்தது. அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் மாறும் விதிகளின் குழப்பத்தை இந்த ஒருமுகக் கொள்கை பெரிதும் தவிர்த்தது.

மறுப்புகளும் விடைகளும்

சரிபார்ப்பு முறைக்கு எதிரான வாதங்களில் மூன்று கவனிக்கத்தக்கவை. அலாரம் திருட்டைத் தடுக்கிறதே, அதை ஊக்குவிக்க வேண்டாமா என்பது முதலாவது. அலாரம் தடுக்கிறது என்பது உண்மை. நியூஜெர்சியின் நூவர்க் நகரத் தரவுகளைக் கொண்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சியுங்முக் லீ செய்த ஆய்வு, வீட்டு அலாரங்கள் கூடியபோது வீட்டுத் திருட்டு குறைந்ததைக் காட்டியது. ஆனால் திருடனை விரட்டுவது வாசற்பலகையும் சைரனும். பல நிமிடம் கழித்து வரும் காவலரை அவன் காத்திருந்து பார்ப்பதில்லை.

ஆயுதமற்ற பாதுகாவலரை ஆபத்தில் தள்ளுகிறோமே என்பது இரண்டாவது. இது நியாயமான கவலை. பயிற்சியும் முறையான உரிமமும் இல்லாமல் யாரையும் அனுப்பக்கூடாது. அவர் வேலை வெளியே நின்று பார்த்துச் சொல்வதே. உள்ளே நுழைவது அல்ல. கேமராக்கள் மலிந்துவரும் இந்நாளில் பல இடங்களில் ஆளே போகவேண்டியதில்லை.

பணம் இருப்பவருக்கே பாதுகாப்பு என்றாகிவிடுமே என்பது மூன்றாவது. டெம்பிள் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் எர்வின் பிளாக்ஸ்டோனும் சைமன் ஹக்கீமும் இதைத் தலைகீழாகப் பார்க்கச் சொன்னார்கள். பொய் அலாரத்துக்குப் போகும் சேவை, சந்தாதாரர் ஒருவருக்கே பயன்படும் தனிப்பொருள். அதன் செலவை எல்லோரும் சுமக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அலாரம் வாங்க வசதியில்லாத வாடகைவீட்டுப் பெண் ஒருத்தி, கதவை உடைக்கும் சத்தம் கேட்டுத் தானே அவசர எண்ணான 911ஐ அழைக்கிறாள். அவள் தெருவுக்கு வரவேண்டிய வண்டி அந்நேரம் எங்கோ ஒரு பலூனைத் தேடிக்கொண்டிருந்தால், அநீதி யாருக்கு?

முடிவுரை

இவ்வரலாறு காட்டுவது இதுதான். தனியார் அலாரத்துக்குப் போலீஸ் வருவது தொன்றுதொட்ட கடமை அல்ல. மைய நிலையத்தின் காவலர் மறைந்த வெற்றிடத்தில், யாரும் கேட்காமலே நுழைந்த பழக்கம். மனிதர் கண்ணால் கண்டதற்கும், கேமரா காட்டியதற்கும், ஆபத்தில் இருப்பவர் கையால் அழுத்திய பொத்தானுக்கும் காவல்துறை தாமதமின்றி வரவேண்டும். சென்சாரின் சைகை ஒன்றுக்கு மட்டும் ஓடிவருவது அதை விற்றவரின் வேலை. சரிபார்ப்பைக் கொண்டுவரும் நகரங்கள் முன்னறிவிப்போடும், பாதுகாவலர் வசதி உண்டா என்று உறுதிசெய்துகொண்டும், பிரிட்டனைப்போல ஒரே சீரான விதியோடும் கொண்டுவருவது நல்லது.

கதவுச் சென்சாரும் கைப்பேசியோடு இணைந்த கேமராவும் இன்று நம் ஊர் அடுக்குமாடிகளிலும் நகைக்கடைகளிலும் ஏடிஎம் மையங்களிலும் பரவிவருகின்றன. அவற்றை வாங்கும் வாசகர்கள் கையெழுத்திடும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும்: "இரவில் இது அடித்தால் உங்கள் தரப்பில் யார் வந்து பார்ப்பார்?" அந்த விடையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.